எழுபத்தொரு கிலோ போர்வை

நாச்சிமுத்து தன் மனைவியின் ஆறு சேலைகளையும் நான்கு நைட்டிகளையும் கொடுத்துத் தைத்து வாங்கிய போர்வையை மொபெட்டின் பின்னால் வைத்துக் கட்டியபோது, பின்சக்கரம் காற்றுப் போனது போல அமுங்கியது. குனிந்து பார்த்தார், டயரில் காற்று இருந்தது, ஏறி உட்கார்ந்தார், மறுபடியும் அமுங்கியது. தெருமுனையில் இருந்த பனியன் வேஸ்ட் குடோனுக்கு வண்டியைத் தள்ளிக்கொண்டு போய் எடைமேடையில் போர்வையை மட்டும் வைத்துப் பார்த்ததில் அறுபத்திரண்டு கிலோ காட்டியது. மனைவி கடைசியாக ஆஸ்பத்திரிக்குப் போனபோது சீட்டில் எழுதியிருந்ததும் அறுபத்திரண்டுதான். நாச்சிமுத்து அதைப் பார்த்துவிட்டு, இதை மொபெட்டில் கொண்டுபோக முடியாது, ஆட்டோதான் கூப்பிட வேண்டும் என்றார். குடோன்காரரும் ஆமாம் என்றார்.

திருப்பூரில் சாமந்திக்காடு லைன் வீடுகளில் இப்படித்தான் அது தொடங்கியது. லைன் வீடு என்றால் எதிரும் புதிருமாகப் பதினெட்டுக் கதவுகள், நடுவில் ஒரு சாக்கடை, கோடியில் ஒரு குழாய். அதில் ஏழாவது கதவு துளசிமணியுடையது. இருபத்தாறு வருடம் பனியன் கம்பெனியில் பவர்டேபிள் தையல் மிஷின் ஓட்டியவள், கண் மங்கிக் கம்பெனி கைகழுவியபின் வீட்டிலேயே ஒரு மிஷினைப் போட்டு, இறந்தவர்களின் உடுப்புகளைச் சதுரம் சதுரமாக வெட்டி, உள்ளே பனியன் வேஸ்டை அடைத்து, நினைவுப் போர்வை தைத்துக் கொடுத்தாள். வாசலில் பலகைகூட மாட்டியிருந்தாள். அவள் தைத்த போர்வையைக் கட்டிலில் விரித்தால், கயிறு தொய்ந்து, நடுவில் ஓர் ஆள் படுத்திருக்கும் அளவுக்கு மேடு எழும்பும். தூக்கிப் பார்த்தால் கீழே ஒன்றும் இருக்காது, விட்டால் மறுபடி மேடு எழும்பும். பேசாது, மூச்சு விடாது, படுத்திருக்கும், அவ்வளவுதான்.

ஏன் இப்படி என்று யாரும் பெரிதாகக் கேட்கவில்லை, கேட்க வேறு விஷயங்கள் நிறைய இருந்தன. பஸ்ஸில் கொண்டுபோனால் ஆள் டிக்கெட்டா லக்கேஜ் டிக்கெட்டா என்று இரண்டாம் நம்பர் பஸ் கண்டக்டர் ஒரு வாரம் சண்டை போட்டார். துவைத்தால் இரண்டு நாளுக்கு எடை குறைகிறதே, ஈரம் காய்ந்தால் சரியாகிவிடுமா என்று பெண்கள் குழாயடியில் கவலைப்பட்டார்கள், சரியாகிவிட்டது. ரேஷன் கடைக்காரர் பெயரை மறுபடி சேர்க்க முடியாது என்றார், பிறகு மேலே கேட்டுச் சொல்கிறேன் என்றார், இன்னமும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார். பதிமூன்றாம் கதவு மருமகள், உயிரோடு இருந்தபோதும் மாமியார் கட்டிலை விட்டுக் கொடுக்கவில்லை, இப்போதும் விட்டுக் கொடுப்பதில்லை என்று லைன் முழுக்கச் சொல்லித் தீர்த்தாள், ஆனால் மத்தியானம் வேலை முடிந்ததும் அந்தக் கட்டிலோரம்தான் போய் உட்கார்ந்துகொண்டாள். எழவுக்குப் போர்த்திய கோடித்துணியை வெட்டிச் சேர்த்தால் அந்தச் சதுரம் மட்டும் எடையில்லாமல் கிடந்தது, உடுத்தாத துணி அல்லவா. பிறந்து நாற்பது நாளில் குழந்தையைப் பறிகொடுத்த ஒருத்தி நான்கு சின்னச் சட்டைகளோடு வந்தாள். கைக்குட்டை அகலத்துக்குத்தான் போர்வை வந்தது, மூன்றரைக் கிலோ. அவள் அதை இடுப்பில் வைத்துக்கொண்டு காய்கறி வாங்கப் போனாள், கடைக்காரர் அதன் மேல் வெயில் படாமல் குடையை நகர்த்தி வைத்தார்.

ஊரெல்லாம் ஆள் சேர்த்துக் கொடுத்த துளசிமணிக்கு வீட்டில் ஆள் இல்லை. இருபத்திரண்டு வருடத்துக்கு முன்னால் அவள் புருஷன் குழந்தைவேலு, நிட்டிங் மிஷின் மெக்கானிக், ஈரோட்டில் பத்து நாள் வேலை என்று போனவர் அங்கேயே இன்னொருத்தியோடு குடும்பமாகிவிட்டார். பிள்ளை குட்டி கிடையாது. அவர் விட்டுப்போன நான்கு சட்டைகளும் இரண்டு கைலிகளும் ஒரு துண்டும் டிரங்குப் பெட்டியில் வேப்பிலை போட்டு வைத்திருந்தாள். அவருக்கு ஒரு போர்வை தைத்துக்கொள்ளலாம் என்று அவளுக்குத் தோன்றாமல் இல்லை. ஆனால் அது இறந்தவர்களுக்கு அல்லவா, அவர் இருக்கிறாரே என்று தள்ளிப் போட்டாள்.

புரட்டாசியில் ஒருநாள் மத்தியானம் மழை பிடித்துக்கொண்டு விடாமல் பெய்தது. கரண்ட் இல்லை, மிஷின் நின்றுவிட்டது, ஆளும் வரவில்லை. சோற்றைப் போட்டுச் சாப்பிட உட்கார்ந்தவள், எதிரே வெறும் சுவரைப் பார்த்துக்கொண்டே, முகத்தைக் காட்டாமல் குரலைக் காட்டாமல் இருபத்திரண்டு வருடம் இருக்கிற மனுஷனுக்கும் இல்லாத மனுஷனுக்கும் என்ன வித்தியாசம் என்று தனக்குத்தானே கேட்டுக்கொண்டாள். பதில் சொல்ல அங்கே வேறு யார் இருந்தார்கள், ஒரு வித்தியாசமும் இல்லை என்று அவளே சொல்லிக்கொண்டாள். கையைக் கழுவிவிட்டு டிரங்குப் பெட்டியைத் திறந்து, கத்தரிக்கோலை எடுத்து, கையாலேயே தைக்க ஆரம்பித்து நான்கு நாளில் முடித்துவிட்டாள். விரித்தபோது ஒன்றும் நடக்கவில்லை, அவள் அழுதுவிட்டு அடுப்பைப் பற்றவைக்கப் போனாள். காபி கொதிக்கும்போது பின்னால் கயிற்றுக்கட்டில் முனகுகிற சத்தம் கேட்டது.

குடோன் எடைமேடையில் எழுபத்தொன்று காட்டியது. கல்யாணத்துக்குப் பிறகு பொருட்காட்சியில் இருவரும் எடை பார்த்த மிஷினிலும் அவருக்கு எழுபத்தொன்றுதான், அவளுக்கு அது நன்றாக நினைவிருந்தது.

முதலில் அவளுக்கு வந்தது சந்தோஷம்தான், அதை ஒளிப்பானேன். சந்தோஷம் கொஞ்சம் அடங்கியபிறகுதான், எடை வந்துவிட்டதென்றால் அவர் போய்விட்டார் என்றல்லவா அர்த்தம் என்று உறைத்தது. தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். சத்தம் கேட்டு எட்டாம் கதவு ஜெய்நம்பு, மாவு அரைத்த கையோடு ஓடிவந்து கட்டிலைப் பார்த்தாள்.

“அப்ப அண்ணன் மவுத்தாயிட்டாராக்கா?”

“அப்படித்தான் போல இருக்குது.”

“ஆரு சொன்னா?”

“ஆரும் சொல்லலை. கட்டில் சொல்லுது.”

லைன் முழுக்கத் துக்கம் கேட்க வந்தது. வந்தவர்கள் கட்டிலைச் சுற்றி உட்கார்ந்து, வாட்டசாட்டமான ஆளாத்தான் இருந்திருக்கார் என்றார்கள். தாலியைக் கழற்றுவதா வேண்டாமா என்று லைன் இரண்டாகப் பிரிந்து நின்றது. எடையே வந்தாச்சு, இன்னும் என்ன சாட்சி என்றது ஒரு பக்கம். பிணத்தைப் பார்க்காமல் பொட்டை அழிப்பார்களா என்றது மறுபக்கம். துளசிமணி, ஆராச்சும் வந்து வாயால சொல்லட்டும், அதுவரைக்கும் இருக்கட்டும் என்று சொல்லி இரண்டு பக்கத்தையும் அனுப்பிவிட்டாள்.

பிறகு அவளுக்கு நல்ல காலம் வந்தது. மிஷினைக் கட்டிலைப் பார்த்துத் திருப்பிப் போட்டுக்கொண்டாள். ஊசி உடைந்ததையும், பதினொன்றாம் கதவில் பெண் பார்க்க வந்ததையும், தக்காளி அழுகிப் போனதையும், அவர் போன வருடத்தில் தொடங்கி ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு வந்தாள், சொல்வதற்கு அவ்வளவு சேர்ந்து கிடந்தது. கட்டிலில் மட்டும் அவள் படுக்கவில்லை. கீழே பாயை விரித்துக் கட்டிலோரமாகப் படுத்துக்கொண்டாள். கூப்பிடாமல் எப்படிப் போய்ப் படுப்பது என்று அவளுக்குக் கூச்சமாக இருந்தது.

கார்த்திகை பிறந்து ஒரு மத்தியானம், நாற்பத்தைந்து வயதிருக்கும் ஒரு பெண், பெரிய கட்டைப்பையோடு வாசலில் வந்து நின்றாள். துளசிமணி கட்டிலுக்குத் திரை கட்டியிருந்தாள், வருகிறவர்கள் முதலில் மிஷினைத்தான் பார்ப்பார்கள்.

“போர்வை தைக்கறவங்க நீங்கதானுங்களா? ஈரோட்டுல இருந்து வர்றனுங்க. பேரு மயிலாத்தாளுங்க.”

“வாங்க, உக்காருங்க. ஆருதுங்க?”

“வீட்டுக்காரருதுங்க.” பையைப் பிரித்தாள். “ஆனா அவரு இருக்காருங்க. போறதுக்குள்ள தைச்சு வெச்சுக்கலாம்னு வந்தனுங்க.”

“ஒடம்புக்கு என்னங்க?”

“அதுதான் தெரியலீங்க. ஆளு இளைக்கலை, அப்படியேதான் இருக்காரு. எடைதானுங்க போயிருச்சு. நடந்தா செருப்புச் சத்தம் கேக்கறதில்லை. ஃபேனைப் போட்டா சுவத்துப் பக்கம் நகந்து போயிர்றாரு. கடையில இருந்து எடைக்கல்லு வாங்கியாந்து சட்டைப் பையில போட்டு வெச்சிருக்கறனுங்க. டாக்டர் ரத்தம் எடுத்துப் பாத்துட்டு, நல்லாச் சாப்பிடச் சொல்றாரு. சாப்பிடறாருங்க. நிக்கமாட்டீங்குது.”

“எப்ப இருந்துங்க?”

“புரட்டாசியில இருந்துங்க. தொந்தி போட்டு எழுபத்தொம்பது இருந்த மனுஷன், இப்ப எட்டுக் கிலோ இருக்காரு. மெக்கானிக்குங்க, ஒத்தக் கையில மிஷினைத் தூக்குவாரு.”

துளசிமணி திரையைத் திரும்பிப் பார்த்தாள். பேரைக் கேட்கவே வேண்டியதில்லை. இருந்தும் கேட்டாள், மயிலாத்தாள் சொன்னாள்.

“அவருக்கு முன்னால குடும்பம் ஏதாச்சும்...”

“இருந்தாங்களாமுங்க, திருப்பூர்லதான். பாவம், கல்யாணமாயி நாலஞ்சு வருஷத்துல காய்ச்சல்ல போயிட்டாங்களாமா. அதுக்கப்புறந்தானுங்க என்னையக் கட்டினாரு. வருஷா வருஷம் அந்தக்காவுக்கு ஒரு சேலை வெச்சுக் கும்பிடுவமுங்க.”

இறந்துபோன துளசிமணி எழுந்து போய், ஈரோட்டிலிருந்து பஸ் ஏறி வந்தவளுக்குத் தண்ணீர் மொண்டு வந்து கொடுத்தாள். மயிலாத்தாள் ஒரே மூச்சில் குடித்தாள். பையை வெச்சுட்டுப் போங்க, மூணு நாளு கழிச்சு வாங்க என்று துளசிமணி சொன்னதும் கும்பிட்டுவிட்டுப் போனாள்.

உடுத்தியிருக்கிற துணியை உடம்பின் மேலேயே வைத்துத் தைக்கக்கூடாது. கம்பெனியில் பட்டன் அறுந்தவர்கள்கூடச் சட்டையைக் கழற்றித்தான் கொடுப்பார்கள், கழற்ற முடியாத அவசரமென்றால் ஒரு நூலை வாயில் கடித்துக்கொள்ளச் சொல்லித்தான் ஊசியைக் குத்துவாள் துளசிமணி. அப்படி உடம்போடு தைப்பது பிணத்துக்குத்தான். உயிரோடு இருக்கிறவரின் துணியைப் போர்வையாகத் தைத்ததும் அதே கணக்குத்தான் என்று, இருபத்தாறு வருடம் தைத்த கைக்கு உறைக்காமல் போய்விட்டது. உடம்பு ஈரோட்டில் இருந்தாலென்ன, அவள் உடம்பின் மேல்தான் தைத்திருக்கிறாள்.

திரையை விலக்கிக் கட்டிலைப் பார்த்து அன்றுதான் அவள் சண்டை போட்டாள். “காய்ச்சல்ல போயிட்டனா நானு? எந்த ஆஸ்பத்திரியில வெச்சிருந்தீங்க? ஆரு கொள்ளி வெச்சா?” மேடு அசையவில்லை. இரண்டு நாள் சோறு பொங்கவில்லை, மிஷினைத் தொடவில்லை. பிரிக்காமல் விட்டால் அங்கே மிச்சமிருக்கிற எட்டுக் கிலோவும் பத்து நாள்கூட நிற்காது. ஏன் பிரிக்கவேண்டும்? இருபத்திரண்டு வருடம் அங்கே இருந்தாயிற்று, மிச்சத்துக்கு இங்கே இருக்கட்டுமே. இதை அவள் ஜெய்நம்புவிடமும் சொன்னாள்.

ஜெய்நம்பு திரையை விலக்கிக் கட்டிலைப் பார்த்தாள். “நாயந்தாக்கா,” என்றாள். “ஆனா நீ பேசறதெல்லாம் கேக்கறதுக்கு அங்க காது வேணுமே. அது ஈரோட்டுலல்ல இருக்குது.”

மூன்றாம் நாள் காலையில் துளசிமணி கட்டிலோரம் உட்கார்ந்து பிரிக்க ஆரம்பித்தாள். கத்தரிக்கோலால் வெட்டவில்லை. ஊசி முனையால் ஒவ்வொரு தையலாகத் தூக்கி, நூலை இழுத்து, சதுரம் சதுரமாகக் கழற்றினாள். நீலக்கோட்டுச் சட்டை போனதும் தோள் மேடு தணிந்தது. கைலிகள் போனதும் கால்கள் தணிந்தன. கயிறு விம்மி விம்மி மேலே வந்தது. கடைசியில், வெள்ளை முழுக்கைச் சட்டையின் வலது கைச் சதுரங்கள் மிஞ்சியபோது மட்டும் அவள் ஊசியைக் கீழே வைத்துவிட்டாள். ஒரு கை போனால் என்ன குறைந்துவிடும் மயிலாத்தாளுக்கு, மிச்சமெல்லாம் கொடுத்தாயிற்றே என்று நினைத்தாள். நினைத்தது தப்பு என்றும் அவளுக்குத் தெரியும்.

மயிலாத்தாள் மறுநாள் ஓட்டமும் நடையுமாக வந்து, நேற்றுச் சாயங்காலம் நாற்காலியில் உட்கார்ந்தார், நாற்காலி கிரீச்சென்றது, அந்தச் சத்தத்தைக் கேட்டு வீடே அழுதது என்று சொல்லிப் பையைத் திரும்ப வாங்கிக்கொண்டாள். நீங்க கை வெச்ச நேரமுங்க, நல்லா இருக்கோணும் என்று துளசிமணியின் கையைப் பிடித்துக்கொண்டாள். வலது கை எப்படி இருக்கிறது என்று துளசிமணி கேட்கவில்லை.

அந்தக் கை நான்கு கிலோவுக்குக் கொஞ்சம் குறைவு. தைக்கும்போது மடியில் கிடக்கும், சாயங்காலம் அவள் அதை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு வாசலில் உட்காருவாள். லைனில் எல்லோரும் பார்த்தார்கள், அதற்கு வழிவிட்டு நடந்தார்கள். துளசிமணி கட்டிலிடம் பேசியதுபோல் கையிடம் பேசவில்லை. கை இருந்தால் பேச வேண்டுமென்று அவளுக்குத் தோன்றவில்லை.

தை மாதம் ஒரு காலையில் அவரே வந்தார். தலை நரைத்திருந்தது, தொந்தி விழுந்திருந்தது, மற்றபடி குழந்தைவேலுதான். வலது கையைத் துண்டால் கழுத்தோடு கட்டியிருந்தார், கட்டையும் மீறி அது மேலெழும்பி நேராக ஏழாம் கதவைக் காட்டிக்கொண்டிருந்தது.

“வாங்க,” என்றாள் துளசிமணி.

அவர் உள்ளே வரவில்லை, நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். “கட்டை அவுத்தா கை இந்த மேக்குப் பக்கமேதான் காட்டுது துளசி. காட்டற பக்கமா வந்தேன். பஸ்ஸெல்லாம் நின்னு நின்னு போவுது, நான் கையைக் காட்டறேன்னு.”

“நான் செத்து இருபத்திரண்டு வருஷம் ஆச்சாமுங்களே.”

அவர் தலையைக் குனிந்துகொண்டார்.  என்னத்துக்குப் போனீங்க என்று கேட்பதற்கு அவள் இருபத்திரண்டு வருடமாக வார்த்தை சேர்த்து வைத்திருந்தாள், விதவிதமாக மாற்றி மாற்றி வைத்திருந்தாள். எதிரே ஆள் நிற்கும்போது அதில் ஒன்றுகூட வாய்க்கு வரவில்லை.

“பொண்ணுக்குக் கலியாணம்,” என்றார் அவர். “வர்ற புதங்கிழமை. கையப் புடிச்சுக் குடுக்கோணும். இடதுகையிலயா குடுக்கறது?”

“பொண்ணு பேரென்னுங்க?”

“வெண்ணிலா.”

“ஆராட்டம் இருக்கும்?”

“எங்கம்மாளாட்டம்.”

அவருடைய அம்மாவைத் துளசிமணிக்குத் தெரியும், சின்ன மூக்கு, ஒரு கன்னத்தில் மட்டும் குழி விழும். அவள் உள்ளே போய்க் கையை எடுத்துக்கொண்டு வந்து, அவர் பார்க்கவே, வாசற்படியில் உட்கார்ந்து பிரித்தாள். கண் மங்கி இரண்டு இடத்தில் விரலில் குத்திக்கொண்டாள். கடைசித் தையல் வந்ததும் அவருடைய கை பொத்தென்று விழுந்து தொடையில் இடித்தது. அவர் அதை இடது கையால் தூக்கிப் பார்த்தார், விரல்களை மடக்கிப் பார்த்தார். பிரித்த துணிகளையும் அவரிடமே கொடுத்துவிட்டாள்.

“நல்லா இருக்கறயா துளசி?”

“இருக்கறனுங்க. நேரமாச்சு, பஸ்ஸைப் புடிங்க.”

லைன் கோடிவரைக்கும் அவர் செருப்புச் சத்தம் கேட்டது. நல்ல கனமான சத்தம்.

அன்றைக்கே ஜெய்நம்பு தாலி விஷயம் என்னாச்சு என்று கேட்டாள். உயிரோட இருக்கறாருல்ல, செத்தது நாந்தான என்றாள் துளசிமணி, கழுத்திலிருந்து கழற்றி அரிசிப் பானைக்குள் போட்டாள். பிறகு ஒருவாரம் ஊருக்குத் தைத்தாள், ஆனால் ஒவ்வொரு போர்வை முடிந்து ஆள் வந்து தூக்கிக்கொண்டு போகும்போதும் வெறும் கட்டில் இன்னும் வெறுமையாகிக்கொண்டே வந்தது. சொல்வதற்கு மறுபடி சேர்ந்துகொண்டே வந்தது. எட்டாம் நாள் அவள் தன் பீரோவைத் திறந்தாள். பதினான்கு சேலைகள் இருந்தன, ஏழு சேலைகளை ஒதுக்கி வைத்துவிட்டு மிச்சம் ஏழு சேலைகளை வெட்டினாள்.

ஜெய்நம்பு பார்த்துவிட்டுப் பதறிப்போனாள். “அக்கா, உசுரோட இருக்கறவுக துணியக்கா அது!”

“தெரியும் ஜெய்நம்பு. அதனாலதான் பாதி எடுத்து வெச்சிருக்கறேன்.”

லைன் அதையும் ஏற்றுக்கொண்டது. காற்றடிக்கிற நாளில் துளசிமணி குழாயடிக்கு வந்தால் யாராவது ஒருத்தி தன் முந்தானையை அவள் கையில் சுற்றிக்கொடுப்பாள். தண்ணீர்க் குடத்தை நிறைத்துத் தூக்கிக்கொண்டால் கால் நன்றாகப் பாவும் என்று அவளே கண்டுபிடித்துச் சொன்னாள். போர்வைக்கு வருகிறவர்கள் மிஷினில் இருக்கிறவளுக்கு ஒரு கும்பிடும் கட்டிலில் இருக்கிறவளுக்கு ஒரு கும்பிடும் போட்டார்கள். இருபத்தேழு கிலோ இங்கே, இருபத்தேழு கிலோ அங்கே. குடோன் எடைமேடை இரண்டு பேரையும் ஒன்றுபோலக் காட்டியது.

முதல் நாள், தைத்து முடித்து விரித்த அந்த மத்தியானம், அவள் கட்டிலைச் சுற்றிவந்து பார்த்தாள். மேடு ஒருக்களித்து, முழங்காலை மடக்கி, கையைத் தலைக்கு வைத்துப் படுத்திருந்தது. இப்படித்தான் நான் படுப்பேனா, இவ்வளவு சின்ன ஆளா நான் என்று அவளுக்கு ஆச்சரியமாக இருந்தது. பாயை விரிக்கப் போனவள் அதைச் சுருட்டி மூலையில் வைத்துவிட்டு, இந்தத் தடவை கூச்சப்படாமல் கட்டிலில் ஏறி, அதன் முகம் இருக்கவேண்டிய இடத்தைப் பார்த்துப் படுத்தாள்.

“கொஞ்சம் தள்ளிப் படு,” என்றாள்.

அது நகரவில்லை. பரவாயில்லை, மிச்சமிருந்த ஓரமே அவளுக்குப் போதுமாக இருந்தது.